பஜிரோவா, 121 கொரோலாவா? கிளிநொச்சியில இருந்து ஒரு கணக்கு

கிளிநொச்சியில வாகனம் வாங்கிற கதையை ஆர் தொடங்கினாலும் கடைசியில் அது இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி, "காசைப் போடுறதெண்டா ஒரு பழைய பஜிரோவில போடு, பத்து வருசம் ஓடிப்போட்டும் அதே விலைக்கு விக்கலாம்" என்று சொல்லும். மற்றக் கட்சி, "விசர்க்கதை கதையாத, ஒரு 121 எடுத்தா வீட்டில எல்லாருக்கும் நிம்மதி" என்று சொல்லும். கராஜ் வாசலிலும், கலியாண வீட்டுப் பந்தலிலும், இப்ப வட்ஸ்அப் குழுக்களிலும் இந்தச் சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. சண்டை போடுகிறவர்களில் முக்காவாசிப் பேரிடம் ஒரு பல்சர் சைக்கிளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது வேறு கதை.

இந்தக் கதை நடக்கிற இடங்களில் பொம்பிளையள் பெரும்பாலும் தேத்தண்ணி கொண்டுவந்து குடுக்கிற ஆக்களாகத்தான் இருக்கிறார்கள். கார் ஓட்ட அனுமதிப்பத்திரம் எடுத்து நாலு வருசமான ஒருத்தி என்ற உரிமையில் நானும் என்ர கணக்கைச் சொல்கிறேன். நான் கார்க் கட்சி. ஆனால் மற்றக் கார்க் கட்சிக்காரர் சொல்கிற காரணங்களுக்காக அல்ல.

முதலில் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். எங்கட ஊரில் "ஜீப்" என்பது ஒரு வண்டியின் பெயரில்லை, ஒரு குடும்பப் பெயர். மிற்சுபிசியின் 4டீஆர்5 டீசல் இயந்திரம் போட்ட, தறப்பாள் மூடின பழைய ஜீப்பும் ஜீப்தான். லான்ட் ரோவரும் ஜீப்தான். 1982இல் வந்த முதலாவது பஜிரோவும், 1991இல் வந்த இரண்டாவது பஜிரோவும் ஜீப்தான். இப்போது பெடியள் தேடி அலைவது கடைசியாகச் சொன்ன அந்த இரண்டாவது வகையைத்தான். காரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 121 வரிசைக் கொரோலாதான் இங்கே அளவுகோல். கொஞ்சம் காசு குறைந்தால் 110, இன்னும் குறைந்தால் நிசான் சன்னி, கூடினால் 141. விளம்பரங்களைப் பார்த்தால் நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய பஜிரோவும் ஒரு 121உம் அரைக்கோடிக்கு அங்கால இங்காலதான் நிற்கின்றன. அதனால்தான் இந்தச் சண்டையே வருகிறது. விலை ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பிடுகிறதுக்கு என்ன இருக்கு?

இருபத்தைந்து வருசப் பழைய வாகனம் எப்படி அரைக்கோடி ஆனது என்று வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருசத்துக்குள் ரூபா விழுந்தது. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா. அதே வருசத்தின் நடுப்பகுதியில் 360. இப்போது கதவு திறந்தும், இயந்திரத்தின் அளவைப் பார்த்துப் போடுகிற வரியைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. ஆகவே நாட்டுக்குள்ளே ஏற்கெனவே இருந்த இரும்பு, பொன்னாகிவிட்டது. யாரும் திட்டம் போட்டு முதலீடு செய்யவில்லை. வீட்டு முற்றத்தில் நின்ற பழைய காருக்கு அதுவாக விலை ஏறியது.

பஜிரோக் கட்சிக்கு வருவோம். அவர்கள் சொல்கிற முதல் காரணம் ரோட்டு. ஆனால் உண்மையான முதல் காரணம் ரோட்டு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஜீப் என்றால் எங்கட மண்ணில் ஒரு அதிகாரம். ஜீப்பில் வந்தவர்கள் எப்போதும் எங்களுக்கு மேலே இருந்தவர்கள்தான். பிரதேச செயலாளர் வருவார், பொலிஸ் வரும், ஆமி வரும், அதற்கு முன்னர் இயக்கத்தின் பொறுப்பாளர்மார் வந்தார்கள், நிறுவனக்காரர் வந்தார்கள். ஒழுங்கைக்குள் டீசல் சத்தம் கேட்டால் முதலில் நாய் குலைக்கும், பிறகு சனம் வேலிக்கு வரும். அந்தச் சத்தத்தோடு வளர்ந்த ஒருவனுக்கு, கையில் காசு வந்ததும் அந்த உயரத்தில் ஏறி இருந்து பார்க்க ஆசை வருவதில் என்ன அதிசயம்? நான் அதைக் கேலி செய்யவில்லை. எனக்கும் அந்த 4டீஆர்5 சத்தம் பிடிக்கும்.

இன்னொன்று, பழைய ஜீப்புகளில் இன்னும் சிலவற்றுக்கு "ஸ்ரீ" இலக்கத் தகடு இருக்கிறது. அந்தத் தகட்டோடு வந்தால் அதைப் பெருமையாகப் படம் பிடித்துப் போடுகிறார்கள். 1957இல் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது எங்கட ஆக்கள் அதற்குத் தார் பூசி, தமிழ் எழுத்தை எழுதிப் போராடினார்கள். அடுத்த வருசம் 1958 கலவரம். இண்டைக்கு அதே எழுத்து எங்கட பெடியன்ர ஜீப்பில "விண்டேஜ்" ஆகிவிட்டது. காலம் செய்கிற வேலையைப் பாருங்கோ.

அதே காலம் வேறு ஒரு படத்தையும் விட்டுப் போயிருக்கிறது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போகவேண்டாம், எங்களை விட்டிட்டுப் போகாதேங்கோ என்று சனம் அலுவலக வாசலில் கூடி நின்று கேட்டது உலகம் முழுக்கப் பதிவில் இருக்கிறது. வெள்ளை லான்ட் குறூசர்கள் தெற்கே வவுனியாவுக்குப் போயின. சனம் உழவு இயந்திரப் பெட்டியிலும் மாட்டு வண்டியிலும் சைக்கிள் கரியரிலும் கிழக்கே போனது. கடைசியில் முள்ளிவாய்க்காலில் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த வாகனங்களுக்குள் எல்லாம் கிடந்தன: லொறி, வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியும் ஒரு கட்டத்துக்கு மேலே போகவில்லை. உயிரோடு வந்தவர்கள் நடந்துதான் வந்தார்கள். "ஒரு பிரச்சினை வந்தா ஜீப்பெண்டா தப்பலாம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இதற்குப் பதிலாகப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லை. பழைய வாகனங்களைத்தான் மண்ணெண்ணெயில் ஓட்டினோம், இந்தக் காலக் கொம்பியூட்டர் வாகனம் அப்படி ஓடுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவை எவை? ஒஸ்ரின் கேம்பிரிஜ், ஏ40, மொறிஸ். எல்லாம் கார்கள்! கபறேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அது அந்த இயந்திரத்தின் எளிமை. அமுக்கம் குறைந்த, ஒரு ஸ்பனரும் ஒரு திருகாணிச் சாவியும் இருந்தால் கழற்றிப் பூட்டக்கூடிய இயந்திரம். நாலு சக்கர இழுவைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. 121இன் 1என்இசட் இயந்திரம் மண்ணெண்ணெயைக் கண்டால் நின்றுவிடும் என்பது சரி. ஆனால் இரண்டாவது பஜிரோவும் அந்தக் கால ஒஸ்ரின் இல்லை. வேர்போ இருக்கிறது, வெற்றிடக் குழாய்கள் இருக்கிறது, அதற்குள் எத்தனையோ வால்வு இருக்கிறது. 4டீஆர்5க்குச் சொல்கிற புகழை எடுத்துப் பஜிரோவின் தலையில் வைக்கிறார்கள்.

இப்போது காசுக் கணக்கு. இதைத்தான் ஒருவரும் முழுசாகப் போடுவதில்லை.

ஜீப் எடுத்தவர்களின் பழைய வாதம், "டீசல் மலிவு". ஒரு காலத்தில் அது உண்மை. 2022 சனவரியில் டீசல் லீற்றர் 121 ரூபா, 92 பெற்றோல் 177 ரூபா. பஜிரோ லீற்றருக்கு 9 கிலோமீற்றர், கொரோலா 12 கிலோமீற்றர் என்று வைப்போம். இரண்டும் கொஞ்சம் தாராளமான கணக்குத்தான். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடினால் பஜிரோவுக்கு 111 லீற்றர், 13,431 ரூபா. காருக்கு 83 லீற்றர், 14,691 ரூபா. அதாவது டீசல் ஜீப் ஆயிரத்துச் சொச்சம் மலிவு. சரி.

அதே வருசம் யூன் கடைசியில் டீசல் 460, பெற்றோல் 470. அதே 1000 கிலோமீற்றர்: பஜிரோவுக்கு 51,060 ரூபா, காருக்கு 39,010 ரூபா. பன்னிரண்டாயிரம் வித்தியாசம், அதுவும் மற்றப் பக்கமாக. விலை பிறகு இறங்கியது. ஆனால் டீசலுக்கும் பெற்றோலுக்கும் இடையில் இருந்த அந்தப் பெரிய இடைவெளி பழையபடி திரும்பி வரவில்லை. டீசல் ஜீப்பின் கணக்கு அந்த யூன் மாதத்தோடு செத்துவிட்டது. ஆனால் அதை வாங்குகிற ஆக்கள் இன்னும் 2021இன் மூளையோடுதான் வாங்குகிறார்கள்.

கியூஆர் காலத்தையும் மறந்துவிட்டோம் போல. 2022 ஓகஸ்டில் அந்தச் சதுரப் படத்தைக் காட்டி எண்ணெய் அடித்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். 20 லீற்றரில் கொரோலா யாழ்ப்பாணத்துக்கு ஒரு தரம் போய் வந்து, பிறகும் ஊருக்குள் ஒரு வாரம் ஓடும். அதே 20 லீற்றர் பஜிரோவுக்குக் கிடைத்தால் யாழ்ப்பாணம் போய் வந்ததோடு முற்றத்தில் நிற்கத் தொடங்கும். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாம் என்று அப்போதும் சிலர் கதைத்தார்கள். 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெயை அதே ஓகஸ்டில் 340 ஆக்கினார்கள். அதற்கு முன்னரும், கடற்தொழிலுக்குப் போகிற நாச்சிக்குடாச் சனத்துக்கே மண்ணெண்ணெய் இல்லாமல் இருந்தது.

ரோட்டைப் பற்றிக் கதைக்காமல் விட முடியாது. ஏ9 கார்ப்பெட். பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு போகிற ஏ35 காரில் போகக்கூடிய ரோட்டு. பூநகரிப் பக்கமாகப் போய் 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போகலாம். இவற்றிலெல்லாம் ஒரு பஜிரோ செய்கிற வேலையைச் சன்னி செய்யும். பிரச்சினை பெரிய ரோட்டை விட்டு இறங்கினால்தான். வன்னேரிக்குளம், கண்டாவளை, வட்டக்கச்சியின் உள்ரோட்டுகள், குளக்கட்டு, வாய்க்கால் கட்டு. மாரியில் அந்தக் கிரவல் ரோட்டுகளில் 121இன் அடிவயிறு தட்டும். பின்னால மூன்று பேரும் டிக்கியில இரண்டு பசளை மூட்டையும் இருந்தால் கட்டாயம் தட்டும். ஒயில் சம்ப் உடைந்தால் அன்றைய பயணம் முடிஞ்சுது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு மாதம் எங்கட வீட்டாக்கள் எங்கெங்கே போனார்கள் என்று கொப்பியில் எழுதிப் பார்த்தேன். ஆசுப்பத்திரி கிளினிக், வங்கி, தம்பியின் ரியூசன், சந்தை, கோயில், இரண்டு தரம் யாழ்ப்பாணம், ஒரு செத்தவீடு. கிரவலில் போன தூரம், எங்கட ஒழுங்கையில் இருந்து பெரிய ரோட்டில் ஏறுகிற ஒன்றரைக் கிலோமீற்றர் மட்டும். அந்த ஒன்றரைக் கிலோமீற்றருக்காக மிச்சம் முழுக்க இரண்டு தொன் இரும்பை இழுத்துக்கொண்டு திரிவதா? கொரோலாவின் பாரம் பஜிரோவின் பாரத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

அந்த ஒன்றரைக் கிலோமீற்றரும் எப்படிக் குழியானது? மணல் டிப்பர். இரவில் வரிசையாக வந்து, ஆற்று மணலை அள்ளிக்கொண்டு, போன வருசம் போட்ட கிரவலையும் சேர்த்துக்கொண்டு போகிறது. ரோட்டை உடைக்கிறவனைக் கேட்க வழியில்லாமல் ஆளுக்கொரு ஜீப் வாங்கி அந்தக் குழிக்கு மேலால் ஓடப் பார்க்கிறோம். ஜீப் வாங்க வசதி இல்லாதவர்கள், அதாவது ஊரில் ஆகப் பெரும்பான்மை, அதே குழிக்குள்ளால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். உண்மையாகவே நாலு சக்கர இழுவை தேவைப்படுகிறவர் வயலுக்குள் நெல் ஏத்துகிற கமக்காரர். அவரிடம் இருப்பது லான்ட் மாஸ்டர். பஜிரோ வைத்திருப்பவர் அதில் நல்லூருக்குப் போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வருகிறார்.

இனி நான் ஏன் இதை எழுதத் தொடங்கினேன் என்பது. எங்கட சின்னம்மாவின் வீட்டில் இப்போது வாகனம் வாங்கப் போகிறார்கள். காசு சுவிசில் இருக்கிற மாமா அனுப்புவது. சின்னம்மாவுக்கு 2009இல் செல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்கால் போட்டு நடப்பா. கோழி வளர்க்கிறா, சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறா, தன் அலுவலைத் தானே பார்க்கிற ஆள். ஆனால் பொய்க்கால் பிடிக்காமல் புண் வந்தாலோ, யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றாலோ, யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஓட்டோக்காரருக்கு யாழ்ப்பாணம் போய் வரக் கொடுக்கிற காசை அவ சொன்னால் நெஞ்சு வலிக்கும். 65 கிலோமீற்றர் போக, 65 கிலோமீற்றர் வர.

மகன் பஜிரோ என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். (சின்னம்மா இந்தச் சொல்லைக் கேட்டால் சிரிப்பா. அவதான் ஒற்றைக்காலில் நிற்கிறவ.) மாமாவுக்கும் பஜிரோதான் விருப்பம், ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இறங்கினால் குடும்பத்தோடு ஏறித் திரியலாமாம். பார்க்கப் போன இடத்தில் சின்னம்மா அந்த ஜீப்பில் ஏறின விதத்தை நான் பார்த்தேன். படி உயரம். நல்ல காலை முதலில் வைத்து, கைபிடியில் தொங்கி, பிறகு பொய்க்காலை இழுத்து ஏத்த வேண்டும். மகன் பின்னால் நின்று தள்ளினான். இறங்கும்போது இன்னும் கஷ்டம், பொய்க்காலில் முழுப் பாரமும் விழும். அவ ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல வண்டிதான் தம்பி" என்றா.

இதில் ஒருவரும் யோசிக்காத விசயம் ஒன்று இருக்கிறது. ஓட்டோ கியர் காரில் கிளச் இல்லை. பிறேக்குக்கும் அக்சிலேற்றருக்கும் வலது கால் ஒன்று போதும். இடது கால் இல்லாத ஒருவர் எந்த மாற்றமும் செய்யாத ஒரு சாதாரண ஓட்டோ கியர் 121ஐ ஓட்டலாம். அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது மருத்துவச் சான்றிதழ் எல்லாருக்கும் வேண்டும். அவவின் நிலைமைக்கு அங்கே கூடுதலாகப் பார்ப்பார்கள், சில நேரம் இரண்டு தரம் அலைய வேண்டி வரும். ஆனால் முடியாத காரியம் இல்லை. பஜிரோவிலும் ஓட்டோ கியர் உண்டு என்று மகன் சொன்னான். உண்டுதான். ஓட்டுகிற ஆசனத்துக்குத் தனியாக ஏற முடியாவிட்டால் கியர் எதுவாக இருந்தால் என்ன?

"அம்மாவுக்கு எதுக்கு ஓட்டம், நான் இருக்கிறன்தானே" என்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் பிரான்சுக்குப் போக அலுவல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் போன பிறகு முற்றத்தில் தறப்பாள் போட்டு மூடின ஒரு பஜிரோ நிற்கும், பற்றறி இறங்கும், எலி வயரைக் கடிக்கும், சின்னம்மா படலையில் நின்று ஓட்டோவுக்குக் கோல் எடுப்பா. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கால் இழந்த ஆக்கள் எத்தனை பேர் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொம்பிளையள் தனியாகக் கொண்டு நடத்துகிற வீடுகளும் அப்படித்தான். இந்த வீடுகளுக்கு வாகனம் வாங்கும்போது "ஆர் ஓட்டப் போறது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். எங்கட கராஜ் வாசல் சண்டைகளில் அந்தக் கேள்வி கடைசியாகக் கூட வருவதில்லை.

வெள்ளத்தைச் சொல்லுங்கோ எண்டு பஜிரோக் கட்சி கத்துவது கேட்கிறது. அவர்களின் ஆகப் பலமான வாதம் அதுதான். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள் நின்றதைப் பார்த்த எவரும் அதைச் சின்ன விசயம் என்று சொல்லமாட்டார்கள். காரின் காற்று இழுக்கிற வாய் தாழ்வாக முன்பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் வேகமாகத் தண்ணிக்குள் விட்டால் அதுக்குள்ளால் தண்ணி உள்ளே போகும். தண்ணியை அமுக்க ஏலாது, ஆகவே உள்ளே இருக்கிற கொனெக்ரிங் றொட் வளையும். இயந்திரம் அதோடு சரி. பஜிரோ இன்னும் ஒரு சாண் கூடத் தாங்கும்.

அந்த ஒரு சாண் எவ்வளவு? ஓடுகிற தண்ணி இரண்டடி உயரம் வந்தால் பாரமான ஜீப்பையும் தூக்கித் தள்ளிவிடும், உலகம் முழுக்க வெள்ளத்தில் மீட்பு வேலை செய்கிறவர்கள் சொல்கிற பாடம் இது. மதகுக்கு மேலால் தண்ணி பாய்கிற இடத்தில் "என்ர வண்டி நாலு சக்கரம்" என்ற துணிச்சல்தான் ஆளைக் கொண்டுபோகும். கார்க்காரன் பயத்தில் முதலே நின்றுவிடுவான். வெள்ளத்துக்குள்ளே எங்கட சனத்தை ஏத்தி இறக்குவது பெரிய சில்லுப் போட்ட உழவு இயந்திரம்தான், இல்லாவிட்டால் வள்ளம். அது ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. இரவில் நெஞ்சுவலி வந்தால் 1990 அம்புலன்ஸ் 2018இல் இருந்து எங்கட பக்கமும் வருகிறது. ஒரு வருசத்தில் நாலு நாள் வெள்ளத்துக்காக மற்ற 361 நாளும் அந்த எண்ணெய்ச் செலவைச் சுமக்க வேண்டுமா என்பது அவரவர் காசைப் பொறுத்தது. மாரி முழுக்கத் தண்ணிக்குள் நிற்கிற ரோட்டின் உள்ளே வீடு இருந்தால், ஓம், ஜீப் எடுங்கோ. நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஏழெட்டுப் பேர் ஒன்றாகப் போகிற வீட்டுக்கும் காரில் இடம் போதாதுதான். ஆனால் அப்படிப் போவது வருசத்தில் எத்தனை தரம்? அதுக்கு ஒரு வான் பிடிக்கலாம்.

பஜிரோ தக்கார் ஓட்டப் போட்டியில் பன்னிரண்டு தரம் வென்ற வண்டி என்று யூரியூப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். வென்றதுதான். அங்கே அதுக்குப் பின்னால் ஒரு லொறி நிறைய உதிரிப்பாகமும் ஒரு கூட்டம் மெக்கானிக்மாரும் வந்தார்கள். எங்கட பஜிரோவுக்குப் பின்னால் வருவது லீசிங்காரன் மட்டும்தான். மிற்சுபிசி 2021இல் பஜிரோ செய்வதையே நிறுத்திவிட்டது. 121க்கு ஒரு புஸ்ஸோ பிறேக் பாட்டோ வேண்டுமென்றால் கிளிநொச்சி டவுனிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில். பஜிரோவின் ரான்ஸ்பர் கேஸ் சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குக் கோல் எடுத்து, படம் அனுப்பி, பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி, வந்து இறங்கினால் அது வேறு மொடலுக்குரியதாக இருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் ஜீப் அப்படி மூன்று மாதம் கராஜில் நின்றது. அந்த மூன்று மாதமும் அவர் லீசிங் கட்டினார்.

லீசிங் என்றதும் ஒன்று. இந்த வயதுள்ள வாகனத்துக்குக் கடன் தருகிறவர்கள் குறைவு, தந்தால் வட்டி கூட. நுண்கடன் எங்கட பக்கத்துப் பெண்களுக்கு என்ன செய்தது என்று பார்த்த பிறகும் சங்கிலியை அடகு வைத்து வாகனம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. முழுக்காசும் கையில் இருந்தால் மட்டும் இந்தக் கதையை மேலே வாசியுங்கோ.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விசயம். ஜீப்பென்றால் விற்கிறவரிடம் நாலு சக்கரத்தையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. தார் ரோட்டில் இல்லை, ஈர மண்ணில். லோ கியரையும் போடச் சொல்லுங்கோ. நான் பார்த்த மூன்று ஜீப்பில் இரண்டில் முன்சில்லு இழுக்கவே இல்லை, அதாவது பின்சில்லில் மட்டும் ஓடுகிற, பாரமான, எண்ணெய் குடிக்கிற ஒரு கார். விற்கிறவருக்கே அது தெரியாது, ஏனென்றால் அவர் ஒருநாளும் அதைப் போட்டதில்லை! கீழே படுத்து சசியைப் பாருங்கோ, பூநகரி, நாச்சிக்குடாப் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டியென்றால் ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கோ. புதுசாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் ஏன் அடித்தது என்று கேளுங்கோ. 2.5 டீசலான 4டீ56 என்றால் ரைமிங் பெல்ற் எப்ப மாத்தினது என்று கேட்க வேண்டும். சூடேறின சரித்திரம் இருந்தால் ஹெட் வெடித்திருக்கலாம், றேடியேற்றர் மூடியைத் திறந்து இயந்திரத்தை ஓடவிட்டுக் குமிழி வருதா என்று பாருங்கோ. மூடியை இயந்திரம் குளிராக இருக்கும்போது திறக்க வேண்டும், சூட்டில் திறந்து முகத்தை அவித்துக்கொள்ளாதேங்கோ.

காரென்றால் கிலோமீற்றர் மீற்றரை நம்பாதேங்கோ. ஸ்ரேறிங் உறையும் பிறேக் பெடலின் இறப்பரும் எவ்வளவு தேய்ந்திருக்கு என்று பார்த்தால் உண்மை தெரியும். ஓட்டோ கியர் என்றால் காலையில் முதல் ஸ்ரார்ட்டில், குளிர் இயந்திரத்தில் ஓடிப் பார்க்க வேண்டும். "டி"யில் போட்டதும் ஒரு அடி அடித்தால் விட்டுவிடுங்கோ. புத்தகத்தில் உள்ள பெயர் விற்கிறவரின் பெயர்தானா, சசி இலக்கமும் இயந்திர இலக்கமும் அதே இலக்கங்கள்தானா என்பதைக் காசு கொடுக்க முதல் பாருங்கோ. திறந்த பத்திரத்தில் ஐந்து கை மாறின வாகனம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

முக்கியமாக, வெள்ளத்துக்குப் பிறகு விலைக்கு வருகிற காரில் கவனம். தூரத்து மாவட்டத்தில் தண்ணிக்குள் நின்ற கார் மெழுகு பூசிக்கொண்டு இங்கே வரும். முன்சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, கால் வைக்கிற இடத்தின் கார்ப்பெற்றைத் தூக்கி, அடியில் இருக்கிற பஞ்சை அமத்திப் பாருங்கோ. சீற் தண்டவாளத்தில் துரு, பெல்ற்றை முழுசாக இழுத்தால் ஒரு இடத்தில் சேற்று நிறக் கோடு, கதவு மூடினதும் ஒரு புழுங்கின நாத்தம். சின்னம்மாவோடு போன கிழமை பார்த்த முதல் 121 அப்படித்தான் இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. அதில் அவ ஓட்டுகிற பக்கக் கதவைத் திறந்து, முதலில் இருந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்தா. ஆரும் தள்ளவில்லை. விலைதான் இன்னும் ஒன்றரை லட்சம் இறங்க வேண்டிக் கிடக்கு.